கவசத்துக்குள் இருப்பது

திருவொற்றியூர் ஆதிபுரீஸ்வரரைக் கவசம் இல்லாமல் பார்க்க வருஷத்தில் மூன்று நாள்தான் வாய்க்கும். புற்று வடிவான லிங்கம் அது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிக் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். ஆறாவது படிக்கும்போது ஆயாவோடு அந்த வரிசையில் நின்றேன். "சாமி ஏன் ஆயா வருசம் பூரா போத்திக்கினு இருக்குது? வெக்கமா?" என்று கேட்டேன். "வெக்கம் இல்ல கண்ணு, எரக்கம். நம்மளால தாங்க முடியாதுல்ல" என்றாள்.

அந்தப் பதில் எனக்கு விளங்கப் பத்து வருஷம் ஆயிற்று. அதுவும் கோயிலில் அல்ல, ராயபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் ஒரு பட்டறையில்.

எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டுப் பகலில் அந்தப் பட்டறை, சாயங்காலம் கிண்டியில் பகுதிநேர பி.இ. என்று இருந்த காலம். காசிமேட்டு ஐஸ் கம்பெனி மோட்டார்கள்தான் எங்களுக்கு அதிகம் வரும். முதல் நாள் மேஸ்திரி ஒரு கம்பிச் சுருளைக் கையில் கொடுத்து, "இதுல இன்சுலேஷன் எங்கம்மா இருக்குது?" என்றார். வெறும் தாமிரமாகத்தான் மின்னியது. இல்லை என்றேன். பிளேடால் நுனியைச் சுரண்டிக் காட்டினார். சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்த பிறகுதான், மற்ற இடமெல்லாம் தேன் நிறத்தில் எதையோ பூசிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. எனாமல். தலைமுடியைவிட மெல்லிய பூச்சு. மூடியிருக்கிறது என்பதையே காட்டாத மூடல்.

அந்தப் பூச்சு ஓர் இடத்தில் உரிந்தால் கம்பி பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் சுற்றிவர வேண்டிய வழியை விட்டுவிட்டுக் குறுக்கே பாயும். மோட்டார் திணறும், சூடேறும், காயில் கருகும். அதாவது மறைப்பு நம் கையைக் காப்பதோடு நிற்பதில்லை. நூறு சுற்று என்றால் நூறையும் சுற்றிவர வைக்கிறது. அப்படிச் சுற்றினால்தான் காந்தப் புலம், அதிலிருந்துதான் சுழற்சி.

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு ஐந்து தொழில் சொல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலும் ஒன்று. அந்த மறைத்தல்தான் என்னை வெகுநாள் உறுத்தியது. அன்பே உருவானவன் ஏன் ஒளிய வேண்டும்? அதை மறக்கருணை என்கிறார்கள் பெரியோர். உயிர் பக்குவப்படுகிற வரை உலக அனுபவத்தில் சுற்றிவரட்டும் என்று தன்னை மறைத்துக்கொள்கிற கருணை. புத்தகத்தில் படித்தபோது வெறும் சொல்லாக இருந்தது. சுரண்டிய கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது மனம் இளகிவிட்டது. பக்குவம் இல்லாமல் குறுக்கே போனால் கருகிவிடுவோம் என்றுதானே ஆயாவும் சொன்னாள்!

ஆனால் எல்லா மூடலும் கருணையா?

மார்கழி, தை விடியலில் எண்ணூர்ப் பக்கம் உயரழுத்தக் கோபுரங்களின் கீழ் நின்றால் பீங்கான் இன்சுலேட்டர்களிலிருந்து சடசடவென்று சத்தம் கேட்கும். சில சமயம் நீலமாக ஒளி ஊர்வதும் தெரியும். நாள் முழுக்கக் கடற்காற்று கொண்டுவந்து அப்பிய உப்பும் சாம்பலும் காய்ந்திருக்கும் வரை சாது. பனி இறங்கி நனைந்ததும் அந்த அழுக்கே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். கசிவு கூடிக் கூடி ஒரு நொடியில் பீங்கானைத் தாண்டித் தீப்பொறி பாயும், லைன் ட்ரிப் ஆகும். பீங்கானும் ஓர் உறைதான், அதன்மேல் படிந்த உப்பும் உறைதான். ஆனால் ஒன்று காக்கிறது, மற்றது காப்பதையே கெடுக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் குறள் ஒன்றில், உயிரை மூடியிருக்கும் ஆணவ மலத்தை இருட்டோடு ஒப்பிட்டு, இருட்டு நல்லது என்று சொல்லாமல் சொல்கிறார். அது பொருளை மறைத்தாலும் தன்னையாவது காட்டிக்கொள்ளும், மலம் தன்னையும் காட்டாது. அந்த உப்புப் படலத்தை நினைக்காமல் அந்தக் குறளை என்னால் படிக்க முடிவதில்லை.

இந்த வேறுபாட்டை நான் எங்கள் ஊரின் மேலும் வைத்துப் பார்க்கிறேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் கிண்டிக்கு ஒரே ரயில். தலைக்கு மேலே 25 ஆயிரம் வோல்ட் கம்பியில் ஓடுகிற வண்டி. உள்ளே குளிர்காற்று. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கரி எரிவதும், சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் சேறாகப் படிந்ததும், கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அந்தச் சேற்றில் நிற்பதும் அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. இந்த மறைப்பு யாரைக் காக்கிறது? எளியவர்களைத் தாங்க முடியாத வலிமையிலிருந்து காத்தால் அதைக் கவசம் என்பேன். வலியவர்களை எளியவர்களின் கேள்வியிலிருந்து காத்தால் அது அழுக்கு. அதைத் தெய்வச் செயல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்தே வந்து வடிவுடையம்மனைப் பாடிய வள்ளலார், 1872-ல் வடலூர் ஞானசபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரை தொங்கவிட்டார். ஆனால் திரையிலிருந்து தொடங்கவில்லை. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1867-ல், பசித்தவர்களுக்குத் தருமசாலை திறந்து அடுப்பு மூட்டிவிட்டார். அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் அடுப்பு, பிறகுதான் திரை.

போன கார்த்திகைக்கு ஆயாவை மறுபடி கூட்டிப்போனேன். கவசம் களைந்த சாமியைப் பார்த்துவிட்டு வந்து மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். கருவாடு காயப் போட்டிருந்தாள். "சாமி எரக்கப்பட்டுத்தான் மறைஞ்சிருக்குதுன்னா, அந்த ஆத்துல நிக்கிறவங்களுக்கு இன்னா பதில் ஆயா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. ஒவ்வொரு கருவாடாக எடுத்து, மேலே படிந்திருந்த சாம்பலை ஊதி, முந்தானையால் துடைத்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து துடைத்தேன்.