போதும் என்று சொல்பவர் யார்?

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை இன்று நாம் காணும் ஆலை மதில்களும், பணிமுறைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்து வரிசைகளும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இது தொண்டை நாட்டின் ஏரிப் பாசன நெல்வயல் பூமி. காஞ்சியிலிருந்து இந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. அந்நூலில் ஒரு செய்முறை உண்டு. தமிழ் வகுப்புகளில் அதனை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். நெல்முளை என்று உரைகாரர் கூறும் அடையை அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயுடைய சாடியில் முதிரச் செய்கிறார்கள். பின்னர் விரலால் அலைத்துப் பிழிந்தெடுத்து, வழிநடந்து களைத்து வரும் பாணனுக்குச் சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். கொடுப்பவர்கள் மன்னர் அல்லர், வலைஞர்.

முளைவிட்ட தானியம், வெந்த கூழ், சில நாள் பொறுமை. இன்று உலகெங்கும் பியர் என வழங்கும் பானத்தின் அடிப்படையும் இவைதாம். ஆகவே இதனை மேனாட்டார் கொண்டுவந்து கொட்டிய நஞ்சு என்று மட்டும் சொல்லி நாம் மேடையிறங்கிவிட முடியாது.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் பகுதித் தொழிற்சாலைகளில் பணிபுரியும் இளம் பொறியாளர்கள் சிலர் விடுமுறை கிடைத்தால் இதே நெடுஞ்சாலையில் மேற்கே சென்று பெங்களூரை அடைகிறார்கள். அங்கே உணவகத்தோடு சேர்ந்த சிற்றாலைகளில், கண்ணெதிரே செம்பும் எஃகுமான கலன்களில் காய்ச்சப்படும் பியரை அருந்தித் திரும்புகிறார்கள். "குடிக்கப் போகவில்லை ஃபாதர், சுவைத்துப் பார்க்கப் போனோம்" என்கிறார்கள். கேட்போர் சிரிக்கலாம். நமக்கோ இச்சொல்லைச் சிரித்து ஒதுக்க மனம் வரவில்லை. குடித்தல் வேறு, சுவைத்தல் வேறு என்னும் இவர்கள் கூற்றில் உண்மை எவ்வளவு, சமாதானம் எவ்வளவு என்பதே நம் கேள்வி.

முதலில் உண்மையைப் பார்ப்போம். 2009இல் புனேயில் டூலாலி, 2010இல் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட் எனத் தொடங்கிய இச்சிற்றாலைகள் பெருகியதற்கு வெறும் போதை காரணமன்று. போதை அதைவிட மலிவாக எங்கும் கிடைக்கிறது. வாற்கோதுமையை நனைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள், அதுவே மால்ட். அதனை நொறுக்கி ஏறத்தாழ 65 பாகை வெந்நீரில் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவோடு கொதிக்க வைத்துக் கசப்பேற்றி, குளிரச் செய்து, ஈஸ்ட் சேர்த்து, ஒரு வாரமோ பல வாரங்களோ காத்திருக்கிறார்கள். கோதுமைப் பியரின் சில வகைகளில் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் எழும். அதில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. அவ்வகை ஈஸ்ட் தானே ஈனும் மணம் அது. வறுத்த வாற்கோதுமை சேர்ந்த கரிய ஸ்டவுட்டில் காப்பி மணக்கும். மாம்பழக் காலத்தில் மாம்பழமும், சில இடங்களில் கேழ்வரகும்கூடக் கலனுக்குள் போகின்றன. இந்த ஹாப்ஸ் பானத்தைக் கெடாமல் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், 2012இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட புனித ஹில்டகார்ட். அது மனச்சோர்வை மிகுவிக்கும் என்றும் அவர் சேர்த்து எழுதியிருப்பதை இளைஞர்களிடம் சொன்னபோது அவர்கள் அவ்வளவாக மகிழவில்லை.

பேராலைப் பியரின் பெருமை, எங்கு வாங்கினாலும் ஒரே சுவையாய் இருப்பது. சிற்றாலைப் பியரின் பெருமை, சென்ற மாதத்தினின்று இம்மாதம் சற்றே வேறுபடுவது. ஒரகடத்தில் வேலை செய்பவனை இது ஏன் ஈர்க்கிறது என்பது நமக்கு விளங்குகிறது. அவன் உலகில் வேறுபாடு குற்றம். ஆயிரக்கணக்கான அச்சுகளில் ஒன்று மாறினாலும் சாலையில் ஓர் உயிர் போகலாம். ஆகவே அது குற்றமாகத்தான் இருக்க வேண்டும். ஆயினும் எட்டு மணி நேரமும் ஒன்றுபோல் ஒன்றைச் செய்து, செய்த எதிலும் தன் கைத்தடம் பதியாத மனிதன், செய்தவரின் கை தெரியும் ஒரு பொருளைத் தேடிப் போகிறான். அந்தத் தேட்டத்தைப் பாவம் என்று சொல்ல நாம் ஆயத்தமாயில்லை. படைப்பதில் பங்கு வேண்டும் என்பது மனிதனுள் கடவுள் வைத்த தாகம்.

இனிச் சமாதானத்தைப் பார்ப்போம். பெங்களூரில் அரை லிட்டருக்கும் குறைந்த ஒரு கோப்பைக்குச் சில நூறு ரூபாய் ஆகிறது. அதே தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளராய் இருப்பவர்க்கு அது ஒரு நாள் ஊதியத்தில் பெரும்பங்கு. அவர் இரவுப் பணி முடித்துச் செல்லுமிடம் டாஸ்மாக் கடை. கம்பி வலைக்கு அப்பாலிருந்து வருவது குவார்ட்டர், அல்லது ஸ்ட்ராங் பியர். நம் நாட்டில் விற்கும் பியரில் மிகப் பெரும்பகுதி அந்த ஸ்ட்ராங் வகையே. நின்றபடி, விரைவாக, முகஞ்சுளித்துக் குடிக்கிறார். அங்கே யாரும் அவரிடம் மணம் எப்படி என்று கேட்பதில்லை. உள்ளே போகும் சாராயச் சத்து ஒன்றுதான். ஆனால் ஒருவர் இரசிகர், மற்றவர் குடிகாரர். ஒருவரின் மாலைப்பொழுது பண்பாடு. மற்றவரின் மாலைப்பொழுது சமூகச் சிக்கல். கொரிந்து சபையாரை நோக்கிப் புனித பவுல் சினந்தது நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரே பந்தியில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருந்தார். பவுலின் கோபம் அவர்கள் அருந்திய இரசத்தின் மீதன்று. இல்லாதவர்களை நாணச் செய்த பந்தியின் மீது.

குருமடத்தில் நாம் பயின்ற புனித அக்குவினாஸ் தோமா இதனை நிதானமாக ஆய்கிறார். திராட்சை இரசம் தன்னளவில் விலக்கப்பட்டதன்று என்பது அவர் முடிவு. ஆனால் எளிதில் தீங்குறும் உடல்வாகு உடையவருக்கும், அருந்துவதில்லை எனப் பொருத்தனை செய்தவருக்கும் அது தவறாகும். அளவு கடந்தால் தவறாகும். பிறருக்கு இடறலானாலும் தவறாகும். இந்த நான்கிலும் பானத்தின் தரம் எங்கும் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உயர்ந்த வகை என்பதால் ஒன்று குற்றமற்றதாகிவிடாது. மலிந்த வகை என்பதால் குற்றமாகிவிடவும் செய்யாது. சுவைக்கப் பழகியவன் மெல்ல அருந்துவான், மெல்ல அருந்துபவன் அளவறிவான் என்று இளைஞர்கள் வாதிடுகிறார்கள். ஓரளவு ஒப்புவோம். ஆனால் வகைக்கொன்றாய் எட்டுச் சிறு குவளைகளைப் பலகையில் அடுக்கிக் கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டாம். எட்டுச் சிறு குவளை சேர்ந்தால் எவ்வளவு என்னும் கணக்கு பொறியாளர்க்குத் தெரியாததா?

இவ்வாதத்தில் இருதரப்பும் அளவு என்பதை அருந்துபவன் தலையிலேயே வைக்கிறது. காய்ச்சுகிறவருக்கும் விற்கிறவருக்கும் அளவு இல்லையா? இதற்கு விடை தேடினால் நாம் பெல்ஜியம் நாட்டுத் துறவு மடங்களுக்குப் போகவேண்டியிருக்கிறது.

புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தில், துறவிக்கு மது தகாது என்றாலும் தம் காலத்துத் துறவியரை அதற்கு இணங்கச் செய்ய முடியாது என்று சற்றே பெருமூச்சுவிட்டு, நாளொன்றுக்கு ஓர் எமினா போதும் என வரையறுக்கிறார். 57ஆம் அதிகாரம் கைவினைத் துறவியருக்கானது. தன் கைத்திறனால் மடத்துக்கு நன்மை விளைகிறதென ஒருவன் செருக்குற்றால் அத்தொழிலிலிருந்து அவனை நீக்க வேண்டும்; மடத்துப் பொருளை வெளியார் விற்கும் விலையினும் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும். இந்த ஒழுங்கில் வாழும் டிராப்பிஸ்ட் துறவியர் 19ஆம் நூற்றாண்டு முதல் வெஸ்ட்மால், சிமே, வெஸ்ட்விளேட்டரன் ஆகிய இடங்களில் பியர் காய்ச்சி வருகின்றனர். டிராப்பிஸ்ட் முத்திரையைக் காக்க 1997இல் ஒரு சங்கம் அமைத்தனர். மடத்து மதிலுக்குள், துறவியர் மேற்பார்வையில் செய்யப்பட வேண்டும். வருவாய் மடத்தின் பராமரிப்புக்கும் அறப்பணிக்குமே செல்ல வேண்டும் என்பன அதன் விதிகள். ஆக்கல் மடத்தில் துறவியர் எவரும் இல்லாமற்போனதும், 2021இல் அதன் பியர் அம்முத்திரையை இழந்தது. பானம் அதே பானந்தான்.

வெஸ்ட்விளேட்டரன் கதை நமக்கு மிகவும் தேவையானது. அங்குள்ள புனித சிக்ஸ்துஸ் மடத்தின் பியரை 2005இல் சுவைஞர்கள் வாக்களித்து உலகிலேயே சிறந்தது என்றனர். மடத்து வாயிலில் கார்கள் நீண்டு நின்றன. வேறெந்த ஆலையாயினும் மறுநாளே புதிய கலன் வாங்கியிருக்கும். துறவியர் வாங்கவில்லை. நெடுங்காலமாய்க் காய்ச்சி வந்த ஏறத்தாழ 5 இலட்சம் லிட்டர் அளவையே தொடர்ந்தனர். ஒரு வண்டிக்கு இத்தனை பெட்டிதான், தொலைபேசியில் முன்பதிவு செய்து வண்டி எண் தர வேண்டும், வாங்கியதை மறுவிற்பனை செய்யலாகாது என்று கட்டுப்பாடு விதித்தனர். மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்ட 2011இல் மட்டும் பெல்ஜியக் கடைகளுக்கும், அடுத்த ஆண்டு வெளிநாடுகளுக்கும் ஒருமுறை அனுப்பினர். பின்னர் பழைய அளவுக்கே திரும்பினர். துறவு வாழ்வதற்காகக் காய்ச்சுகிறோம், காய்ச்சுவதற்காகத் துறவு பூணவில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம். அவர்கள் பியரின் சுவையை நாம் அறியோம். அவர்கள் கைத்தொழிலின் உச்சமாக நாம் மதிப்பது அந்த மறுப்பையே.

இதனைக் கேட்ட இளைஞர் ஒருவர், என்றேனும் தாமும் ஒரு சிற்றாலை தொடங்க எண்ணியிருப்பவர், நம்மிடம் நேரடியாகவே சொன்னார்: "துறவிக்குப் பிள்ளைகள் இல்லை ஃபாதர், வங்கித் தவணையும் இல்லை. அவரால் போதும் என்று சொல்ல முடியும். என்னால் எப்படி முடியும்?" நேர்மையான கேள்வி. எளிதான விடை நம்மிடம் இல்லை.

தனி மனிதரால் இயலாதெனில் அரசால் இயலுமா? 2003 நவம்பர் முதல் தமிழகத்தில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. 2024-25ஆம் ஆண்டில் அதனால் கருவூலத்துக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். 2023இல் 500 கடைகளை மூடினார்கள், வருவாய் குறையவில்லை. பனையேறியின் கள் 1987 முதல் விலக்கப்பட்டிருக்கிறது. மலிவான சாராயமோ மறைவில் ஓடுகிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் நம் செங்கல்பட்டு மாவட்டச் சித்தாமூர் பகுதியிலும் 20க்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோரும் மெத்தனால் கலந்த சாராயத்தால் மாண்டனர். அரசுக்கும் ஒருவகைத் தவணை உண்டு; பள்ளியும் ஓய்வூதியமும் அந்த வருவாயைப் பார்த்துக் காத்திருக்கின்றன. ஆனால் வீடுகள் உடைவதும் கணக்கில் வரவேண்டிய செலவுதான். அதை எழுத எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

2017 ஏப்ரலில், உச்ச நீதிமன்ற ஆணைப்படி நெடுஞ்சாலையோரக் கடைகள் மூடப்பட்டு ஊர்களுக்குள் இடம் மாற்றப்பட்டபோது, தமிழகமெங்கும் அவற்றின் முன் அமர்ந்து மறித்தவர்கள் பெண்கள். அவர்களில் பலர் கூலி வேலைக்கு விடுப்பெடுத்து வந்தவர்கள். பானத்தின் சுவை அவர்களுக்குத் தெரியாது. நம் பங்கிலும், சம்பள நாளில் பணிமுறைப் பேருந்து வந்துபோன பின்பும் வீடு திரும்பாதவரைத் தேடி, கைக்குழந்தையோடு சாலை முனைவரை நடந்து வருகிறவர்கள் அவர்கள்தாம். போதும் என்னும் சொல்லை இந்தச் சாலையில் இன்று வேறு யாரும் சொல்லி நாம் கேட்கவில்லை.