பிரார்த்தனையும் மருந்தும்

நோயுற்றவன் ஒருவன் இறைவனை நோக்கிக் கையேந்துகிறான். மறுநாள் வைத்தியசாலைக்கும் செல்கிறான். மருந்தை நாடியதனால் அவன் இறைவன்மீது ஐயங்கொண்டவன் ஆவானா? கிறிஸ்தவ உலகில் இவ்வினா இன்றும் ஓய்ந்தபாடில்லை. 1920களில் கொழும்பிலே தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே சபை, மருந்தைத் தவிர்த்துப் பிரார்த்தனையையே நம்பி நிற்பதை உயர்ந்த விசுவாசமாகப் போதித்தது. அட்டாளைச்சேனை போன்ற முஸ்லிம் ஊர்களில் வாழும் நமக்கு இஃது அயல்வீட்டு வழக்காகத் தோன்றலாம். ஆயினும், ஓதிய தண்ணீரும் இசிமும் நேர்ச்சையும் நம் கரையோர ஊர்களிலும் உள்ளன. தவக்குல் என்னும் சொல்லுக்கு நாம் எப்பொருள் கொள்கிறோம் என்பதும் இவ்வினாவினுள் அடங்கியதே.

மருந்தை மறுப்போரை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. இயேசு நோயாளரைத் தொட்டுக் குணமாக்கினார் எனச் சுவிசேஷங்கள் கூறுகின்றன. சபையின் மூப்பர்கள் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும் என்கிறது யாக்கோபின் நிருபம். இவற்றை எழுத்துப்படி ஏற்று வாழ்பவனிடம் ஒரு துணிவு உண்டு. மேலும், செபிக்க வருவோர் நோயாளியின் அருகே அமர்கின்றனர். அவன் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர். நெரிசல் மிக்க வெளிநோயாளர் பிரிவில் இரண்டொரு நிமிடத்தில் மருந்துத் துண்டோடு அனுப்பப்படும் ஏழைக்கு இந்த அன்பு சிறிய பொருளன்று.

எனினும், அவர்கள் போற்றும் வேதம் மருத்துவத்தைப் பழிக்கவில்லை. லூக்காவை அன்புக்குரிய வைத்தியன் என்றே பவுல் குறிப்பிடுகிறார். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்ட நல்ல சமாரியன் அவன் காயங்களைக் கட்டினான், சத்திரத்திற் சேர்த்தான், செலவையும் ஏற்றுக்கொண்டான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் ஆழ்ந்த விசுவாசியாவார். அவர் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்தார். நம்மவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் தமிழில் வெளிவர வழிசெய்தார். செபம் ஒன்றே போதுமென அவர் கருதியிருப்பின், கலைச்சொற்களைத் தேடி இத்துணை பாடுபட்டிரார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புமாறு நபிகள் நாயகம் பணித்ததாக வழங்கும் செய்தியும் இக்கருத்தினையே உடையது.

ஆகவே, செபமா மருந்தா என்று கேட்பதினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. மருந்தை மறுப்பவர் யார்? அம்மறுப்புக்கு விலை கொடுப்பவர் யார்? அறிவு முதிர்ந்த ஒருவர் தம் உடலுக்கு மருந்து வேண்டாமென்றால், நாம் அவரோடு வாதிடலாம்; அவர் முடிவு பிறர்க்கு நோய் பரப்பாதவரை அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. ஆனால், ஐந்து வயதுப் பிள்ளை காய்ச்சலில் துடிக்கும்போது, தந்தை தன் விசுவாசத்தைப் பிள்ளையின் உடலில் மெய்ப்பிக்க முனைவது எவ்வாறு அறமாகும்? பெற்றோர் தாம் தியாகிகளாகலாம், தம் பிள்ளைகளைத் தியாகிகளாக்க அவர்களுக்கு உரிமையில்லை என்னும் கருத்தை அமெரிக்க உயர்நீதிமன்றம் 1944இல் ஒரு வழக்கிலே வெளியிட்டது. அது மருத்துவம் பற்றிய வழக்கன்று. எனினும் அந்நியாயம் இங்கும் பொருந்தும்.

மதத்தின் பெயரால் மட்டுமன்றி, வழக்கத்தின் பெயராலும் இம்மறுப்பு நிகழ்வதுண்டு. 1890களில் தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் நடந்ததை ஐடா ஸ்கடர் பிற்காலத்திற் கூறியுள்ளார். பிரசவ வேதனையுற்ற தம் இளம் மனைவியர்க்கு உதவிகேட்டு ஒரே இரவில் மூவர் அவரிடம் வந்தனர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம். அப்போது மருத்துவம் பயின்றிராத ஐடா, வைத்தியரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆடவர் தம் மனைவியரைப் பார்ப்பது தகாதென மூவரும் மறுத்துச் சென்றனர். மூன்று பெண்களும் இறந்தனர். மறுத்தவர் கணவர், மாண்டவர் மனைவியர். அப்பெண்களின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஐடா மருத்துவம் கற்று 1900இல் திரும்பிவந்தார். 1918இல் பெண்களுக்கென வேலூரில் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். வழக்கத்தை வைதுகொண்டிராமல், பெண் வைத்தியர்களை உருவாக்கினார் என்பது நாம் கருதத்தக்கது.

ஆட்சியில் இருப்போர் இவ்விடயத்தில் பிறழ்ந்தால், விலை கொடுப்பவர் நாட்டு மக்கள். 2020 டிசெம்பரில், காளியின் அருளாற் கிடைத்ததென்று ஒருவர் கூறிய கொரோனாப் பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சுகாதார அமைச்சரும் அதனைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று; அவர் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றுத் தேறினார். பாணிக்காகத் தெருவில் முண்டியடித்தவர்களோ ஏழைகள்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அங்கிருந்து வெறுங்கையோடு திரும்பியவர் செபக் கூட்டத்துக்கோ தர்ஹாவுக்கோ சென்றிருந்தால், அதனை மூடநம்பிக்கை என்று கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டா? இரு வழிகள் திறந்திருந்தாலன்றோ ஒருவர் ஒன்றைத் தேர்ந்தார் எனலாம்?

ஆசிரியர்களாகிய நாம் வகுப்பறையிற் பிரார்த்தனையைப் பழிப்பதனால் எந்தப் பிள்ளையின் காய்ச்சலும் தணியப்போவதில்லை. பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லுங்கள் என்று போதகரும் மௌலவியும் தம் மக்களுக்குச் சொல்லவேண்டுமெனக் கேட்போம். அங்கே மருந்தும், தாதியரும், பெண் வைத்தியரும் இருக்கவேண்டுமென அரசைக் கேட்போம். அதன்பின் நோயாளியின் கட்டிலருகே எவரேனும் அமர்ந்து செபித்தாலும் துஆக் கேட்டாலும் நமக்கு மறுப்பில்லை. ஆறுதலும் நோயாளிக்கு வேண்டியதே.