பழுது பார்க்கும் கை

பழுதடைந்த பொருளொன்றைத் திருத்துவது அறச்செயலா? அன்றி ஓய்வும் பணமும் உள்ளோர் பொழுதைப் போக்கும் வழிகளில் ஒன்று மாத்திரமா? இக்கேள்வியை உழவனின் கலப்பையைப் பற்றியோ, தையற்காரியின் பொறியைப் பற்றியோ எழுப்பினால் விடை கூறுவது எளிது. கலப்பை பழுதுபட்டால் அடுப்பு எரியாது. ஆனால் பழுதுபட்டது ஒரு விளையாட்டுப் பொருளாயின்? அதுவும் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, சந்தையால் என்றோ கைவிடப்பட்ட பொருளாயின்? இன்று பல நாடுகளில் வளர்ந்த மனிதர் பலர், கையடக்கமான பழைய மின்னணு விளையாட்டுப் பொறிகளைக் கழற்றித் துடைத்து, பற்றாசு வைத்து, மீண்டும் உயிர்ப்பிக்கின்றனர். இதனை விளையாட்டுப்புத்தி என்று ஒதுக்குவோரும் உளர். புரட்சி என்று போற்றுவோரும் உளர். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே எமது கருத்து. சிறிய பொருளில் பெரிய கேள்வி தங்கியிருத்தல் கூடும். ஆதலின் பொருளை முதலில் நன்கு நோக்குதல் வேண்டும்.

இப்பொறிகளுள் புகழ் மிக்கது கேம் பாய். யப்பானின் கியோத்தோ நகரைச் சேர்ந்த நின்டெண்டோ கம்பனி இதனை 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் விற்பனைக்கு விட்டது. இதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கும்பேய் யோக்கோய். அவர் 1965இல் அக்கம்பனியிற் சேர்ந்தபோது அது விளையாட்டுச் சீட்டுகள் செய்யும் நிறுவனமாக இருந்தது. அச்சீட்டுகளைச் செய்யும் யந்திரங்களைப் பராமரிப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பிற்காலத்தில் உலகச் சிறுவர் கைகளிலெல்லாம் தவழ்ந்த ஒரு கருவியை ஆக்கியவர், தொழிற்சாலையில் பழுது பார்க்கும் ஊழியராகவே தம் வாழ்வைத் தொடங்கினார் என்பது கருதத்தக்கது.

யோக்கோயின் கொள்கையும் பராமரிப்பாளன் ஒருவனின் கொள்கையே. விலையுயர்ந்த புது நுட்பங்களைத் துரத்தி ஓடாது, பலரும் பழகித் தேர்ந்து மலிவாகிவிட்ட நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்த வேண்டுமென்றார் அவர். கேம் பாயின் திரை ஒளியற்றது; நிறமற்றது; நான்கு சாயல்களை மட்டுமே காட்டவல்லது. அத்திரையின் புள்ளிகள் குறுக்கே 160, நெடுக்கே 144. அடுத்த ஆண்டில் வெளிவந்த செகா கம்பனியின் கேம் கியர் நிறமும் ஒளியும் கொண்டிருந்தது. ஆயினும் அது 6 பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாயோ 4 பற்றரிகளைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கும் மேலாக இயங்கும். பின்னர் வந்த நிறத்திரைப் பொறியையும் சேர்த்து 11 கோடியே 80 இலட்சத்துக்கும் அதிகமான கேம் பாய்கள் விற்பனையாயின. எளிமை வென்றது. எளிமையான பொருளே பிற்காலத்தில் திருத்தவும் இயலுவது.

இனி, திருத்துவோர் யாது செய்கின்றனர் எனப் பார்ப்போம். மூன்று சிறகுடைய தலை கொண்ட திருகாணிகளை அகற்றியே பொறியைத் திறத்தல் வேண்டும். சாதாரண வீடுகளில் இல்லாத கருவி இதற்குத் தேவை. வாங்கியவன் உள்ளே பார்த்தலாகாது என்பதே அத்திருகாணியின் மௌனமான கட்டளை. அதை மீறி உள்ளே நோக்கினால் முதுமையின் அடையாளங்கள் தெரியும். மறந்து விடப்பட்ட பற்றரி கசிந்து, தகடுகளை அரித்திருக்கும். அக்கசிவு காரத்தன்மையுடையதாகையால் வினாகிரி தோய்ந்த பஞ்சினால் அதனைத் துடைத்தெடுப்பர். திரையில் சில நெட்டாங்குக் கோடுகள் மறைந்து போயிருக்கும். கண்ணாடியோடு மெல்லிய நாடாவை இணைக்கும் பசை தளர்வதே அதற்குக் காரணம். சூடான கோலை அவ்விணைப்பின் மீது மெல்ல ஓட்டினால் மறைந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கேம் கியர் பொறியிலோ கொள்ளளவிகள் கசிந்து, ஒலியும் ஒளியும் மங்கியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக அகற்றிப் புதியன வைத்தல் வேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும் வேலை இது.

இவ்வேலையில் ஓர் உண்மை வெளிப்படுகின்றது. இன்றைய பண்டம் தன் பிறப்பை மறைத்துக்கொண்டே கடைக்கு வருகின்றது. அதன் பளபளப்பான மேனியில் தொழிலாளியின் கைரேகை எதுவும் இல்லை. வாங்குபவன் விலையை அறிவான்; உழைப்பை அறியான். மூடியைத் திறந்தவனோ பற்றாசுப் புள்ளி ஒவ்வொன்றையும் காண்கின்றான். இப்புள்ளியை யாரோ வைத்தார், இந்நாடாவை யாரோ பொருத்தினார் என்ற எண்ணம் அவனுக்கு எழாதிருக்க இயலாது. பண்டத்தின் மாயையைக் கலைப்பதற்கு நூல்கள் மட்டுமே வழியென்பதில்லை; ஒரு திருகாணியைக் கழற்றுவதும் அதற்கொரு தொடக்கமாகும்.

ஆனால் திருத்துவோர் திருத்துவதோடு நின்றுவிடுவதில்லை. மாற்றவும் செய்கின்றனர். ஒளியற்ற திரையை எடுத்துவிட்டு ஒளிமிக்க புதிய திரையை வைக்கின்றனர். மின்னேற்றக்கூடிய கலத்தைப் பொருத்துகின்றனர். சாம்பல் நிற உறையை நீக்கி, கண்ணாடி போன்ற உறையை இடுகின்றனர். இவ்வாறு எல்லாம் மாறிய பின் அது பழைய பொறிதானா?

இது தத்துவ உலகின் பழைய வினா. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பலா என்று கிரேக்கர் வாதிட்டதைப் புளூட்டாக் எழுதிவைத்துள்ளார். யப்பானியர் இதற்கு வாதத்தால் அல்லாது வழக்கத்தால் விடை கூறினர். ஈசே என்னுமிடத்திலுள்ள அவர்களது பெருங்கோயில் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றாகப் புதிய மரத்தால் மீளக் கட்டப்படுகின்றது. கடைசியாக 2013இல் கட்டப்பட்டது. மரம் புதிது, கோயில் பழையது. ஏனெனில் அங்கு காக்கப்படுவது கட்டும் கலை. மூத்த தச்சனிடமிருந்து இளைய தச்சனுக்கு அறிவு கைமாறும் வரையில் அக்கோயில் நிலைத்திருக்கும். ஆண்டுதோறும் ஓலை மாற்றி வேயும் குடிசையை எவரும் புதுவீடு என்பதில்லையே! அதே நியாயம் இது.

ஆகவே மாற்றம் தன்னளவிற் குற்றமன்று. எதற்காக மாற்றுகிறோம், மாற்றும்போது எதனை அழிக்கிறோம் என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். கண் மங்கியவர் ஒருவர் படத்தைக் காணும்பொருட்டு ஒளித்திரை வைத்தால், பொருள் மனிதனுக்குப் பயன்பட்டது எனலாம். பழுதற்ற பழைய பொறியை வாங்கி, அதன் நல்ல திரையைக் குப்பையில் எறிந்து, உறையின் உட்புறத்தை வெட்டி, படம் பிடித்துக் காட்டுவதற்காகவே புதுப்பிப்பவரின் செயலை அவ்வாறு கொள்ள இயலாது. அது பழுது பார்த்தலின் வேடமிட்ட நுகர்வு. மீள முடியாத மாற்றத்தைச் செய்யுமுன் சற்றே தயங்குதல், கழற்றிய நல்ல உறுப்பை இன்னொரு பொறிக்காகப் பேணி வைத்தல் — இவை இத்தொழிலுக்குரிய எளிய ஒழுக்கங்கள்.

இன்னுமொரு நுண்ணிய விடயமுண்டு. அக்காலத்து விளையாட்டுப் பேழைகள் பலவற்றினுள் நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரி இருக்கும். விளையாடிய சிறுவன் எந்நிலையில் நிறுத்தினான் என்னும் நினைவை அதுவே காத்து வருகின்றது. அப்பற்றரி தீர்ந்தால் நினைவு அழியும். முன்னேற்பாடின்றி அதனைக் கழற்றினாலும் அழியும். பழைய பேழையொன்றை வாங்குபவன் அதனுள் முன்பின் அறியாத ஒரு பிள்ளையின் பெயரையும், பல மாதத்து முயற்சியையும் காண நேரிடலாம். சட்டப்படி பேழை வாங்கியவனுக்கு உரியது. அழிப்பதற்கு அவனுக்கு உரிமையுண்டு. எனினும் திருத்துவோருட் சிலர் முதலில் அந்நினைவைப் படியெடுத்துவைத்து, பற்றரியை மாற்றிய பின் மீண்டும் பேழையில் இடுகின்றனர். கேட்பாரற்ற அப்பிள்ளைக்காக ஒருவர் அரைமணி நேரம் செலவிடுகின்றார். உடைமை என்ற சொல்லுக்குள் அடங்காத கடமையொன்று மனிதரிடையே உண்டென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

உடைமை பற்றிப் பேசுகையில், இப்பொறியோடு உலகெங்கும் சென்ற டெட்ரிஸ் விளையாட்டை மறத்தலாகாது. மொஸ்கோவிலுள்ள சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984இல் அதனை உருவாக்கினார். நண்பரிடையே அது இலவசமாகப் பரவியது. பின்னர் மேற்கு நாட்டுக் கம்பனிகள் அதன் உரிமைக்காக ஒன்றோடொன்று மோதின. சோவியத் அரச நிறுவனமான எலோர்க் உரிமையை விற்றது. கேம் பாயோடு சேர்ந்து டெட்ரிஸ் பெருஞ் செல்வம் ஈட்டிக்கொடுத்தது. ஆக்கியவருக்கோ 1996 வரை அதிலிருந்து உரிமைப்பணம் கிட்டவில்லை. கம்பனிகளின் பேராசையை மட்டும் இங்கு கண்டித்து, உழைப்பின் பெயரால் ஆண்ட அரசின் செயலைக் கண்டிக்காது விடுவது நேர்மையாகாது. ஆக்கும் கையை மறத்தல் எத்திசையிலிருந்து வந்தாலும் அது ஒன்றே.

இனி இப்பொழுதுபோக்கின் முரண்பாட்டை நோக்குவோம். சந்தை கைவிட்டதைச் சிலர் அன்பினால் எடுத்தனர். சந்தை மீண்டும் வந்து அவ்வன்பையே பண்டமாக்கிற்று. புதிய திரைகளும் உறைகளும் சீனத் தொழிற்சாலைகளில் வகைவகையாகச் செய்யப்படுகின்றன. அவற்றைச் செய்யும் தொழிலாளியைத் திருத்துவோர் நினைப்பது அரிது. மறுபுறத்தில், பெட்டியே பிரிக்கப்படாத பழைய பொறிகளைப் பெருவிலைக்கு வாங்கிக் கண்ணாடிக்குள் பூட்டி வைப்போரும் உளர். விளையாடுவதற்கென்று பிறந்த பொருள், விளையாடப்படாததனாலேயே விலை பெறுகின்றது! பரிவர்த்தனை மதிப்பு பயன்மதிப்பை விழுங்கும் காட்சியை மாணவருக்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு இதனிலும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. இளமைக்கால ஏக்கமும் இங்கு விற்பனைக்குரியது. கடந்துபோன இளமையை எவரும் வாங்க முடியாது. வாங்கலாம் என்ற எண்ணத்தை மட்டுமே கடைக்காரன் விற்கிறான்.

‘உலகில் பசித்தோர் கோடிக்கணக்கில் இருக்க, விளையாட்டுப் பொறிக்கு வினாகிரி பூசுவதா?’ என்று தோழர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பசியும் இப்பொறியும் வேறு வேறு உலகில் இல்லை. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவை ஈன்றது. அதில் முறைப்படி சேகரித்து மீள் பயனாக்கப்பட்டது 22 சதவீதமளவே. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி வறிய நாடுகளைச் சென்றடைகின்றது. கானாவின் தலைநகரான அக்ராவில் அக்போகுளோஷி என்னும் இடத்தில், இளைஞர்கள் பல்லாண்டுகளாக மின்கம்பிகளை எரித்து, நச்சுப்புகையைச் சுவாசித்துச் செப்பு எடுத்தனர். 2021இல் அவ்விடம் இடித்து அகற்றப்பட்டது. அவர்களை அங்கு தள்ளிய வறுமை அகற்றப்படவில்லை. செல்வந்தன் எறியும் பொருள் மறைந்துபோவதில்லை. ஏழையின் நுரையீரலிற் போய்த் தங்குகின்றது. ஆகவே பொருளை நெடுங்காலம் வாழவைப்பது மனிதரைக் காக்கும் வேலையின் ஒரு பகுதியே.

அங்ஙனமாயின் அவ்வேலையைத் தனிமனிதரின் ஓய்வுநேர ஆசைக்கு விட்டுவிடுதல் தகுமா? இக்கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2023இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டமொன்றை நிறைவேற்றியது. மின்னணுப் பொருள்களை விற்கும் கம்பனிகள் உதிரிப்பாகங்களையும், கருவிகளையும், வழிகாட்டு நூல்களையும் பொதுமக்களுக்கும் சிறு திருத்துநருக்கும் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் மின்னணு விளையாட்டுப் பொறிகளுக்கு அச்சட்டம் விலக்கு அளித்துவிட்டது! மினசோட்டா மாநிலம் அதே ஆண்டில் இயற்றிய சட்டத்திலும் அவ்விலக்கு உண்டு. சிறகுத் தலைத் திருகாணி இவ்வாறு சட்டப் புத்தகத்திலும் ஏறிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் சில வகைப் பொருள்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமையை ஏற்றுக்கொண்டமை ஒரு படி முன்னேற்றமே. எனினும் அது தொடக்கம் மாத்திரமே.

தனித்தனி மேசைகளில் பற்றாசுக்கோலோடு அமர்ந்திருப்போர் கற்றுக்கொண்டது சிறிதன்று. பொருள் திறக்கத்தக்கது, அறியத்தக்கது, திருத்தத்தக்கது என்பதை அவர்கள் செய்து காட்டியுள்ளனர். அவ்வறிவு வசதியுள்ள சிலரின் கைத்திறனாக நின்றுவிடின் அது வெறும் பொழுதுபோக்கே. பாடசாலையில் மாணவர் ஒரு பழைய பொறியைத் திறந்து, அதன் உறுப்புகளையும் அவற்றைச் செய்த உழைப்பையும் ஒருங்கே கற்பாராயின், அதே அறிவு சமுதாயத்தின் உடைமையாகும். உதிரிப்பாகம் இன்றி, வழிகாட்டு நூல் இன்றி, எறிவதற்கென்றே பொருள் செய்யும் முறையை எதிர்த்து அவர்கள் கேள்வி எழுப்புவாராயின், அது அரசியலாகும்.

தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு விடை இதுவே: பழுது பார்க்கும் கை தனக்காக மட்டும் இயங்கும்வரை அது இன்பம் பெறுகின்றது, அவ்வின்பத்தில் இழுக்கில்லை. பொருளைச் செய்தவரையும், முன்பு அதனோடு வாழ்ந்தவரையும், அது எறியப்பட்டால் அதன் புகையைச் சுவாசிக்கப்போகிறவரையும் நினைந்து இயங்கும்போதுதான் அது அறமாகின்றது. அவ்வறத்தை எல்லோருக்கும் உரிய உரிமையாக்குதல் தனியொரு கையால் ஆகக்கூடியதன்று. அதற்குப் பல கைகள் சேர வேண்டும்.