அணையாடையை யார் அலசுவது?

ஜெர்மனியின் ஆகன் நகரப் பேராலயத்தில் ஒரு குழந்தைத் துணியைப் பேழையில் வைத்துக் காக்கிறார்கள். 1349 முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை அதை வெளியே எடுத்துக் காட்டும் வழக்கம் இருக்கிறது. 2021இல் நடந்திருக்க வேண்டிய யாத்திரை கொரோனாவால் தள்ளிப்போய் 2023இல் நடந்தது. குழந்தை இயேசுவைச் சுற்றிய துணி அது என்பது நம்பிக்கை. ஜெர்மன் மொழியில் அதற்கு ‘விண்டல்’ என்று பெயர். இன்று அந்த ஊர்க் கடையில் டயாப்பர் கேட்கிறவரும் இதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஜெர்மானியர்களிடம் ஒரு கதை உண்டு. தொழுவத்தில் பிள்ளையைச் சுற்ற ஒன்றும் இல்லாதபோது யோசேப்பு தன் கால்சட்டைத் துணியைக் கழற்றிக் கொடுத்தாராம். நம் வீடுகளில் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்து இடுப்புத்துணி தைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதாகவே தோன்றாது.

ஏன் பழைய வேட்டி? சிக்கனம் ஒரு காரணம். இன்னொரு காரணம் நூலிலேயே இருக்கிறது. புதுப் பருத்தியில் இயற்கையான மெழுகும் நெசவின்போது போட்ட கஞ்சியும் ஒட்டியிருக்கும்; தண்ணீர் பட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். பல சலவை கண்ட வேட்டிதான் ஈரத்தை உடனே குடிக்கும். இன்றைய கடைத் துணி டயாப்பரை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே “இது ஒழுகுகிறது” என்று அலுத்துக்கொள்வதற்கும் பாதிக் காரணம் இதுதான். உள்ளே வைக்கும் பருத்தி மடிப்பை நாலைந்து முறையாவது துவைத்துக் காயவைத்த பிறகே அது முழுதாக உறிஞ்சத் தொடங்கும். பாட்டிக்கு மெழுகின் வேதியியல் தெரியாது, வேட்டி தெரியும்.

துணியை நனைப்பது குழந்தை. அந்த நனைப்பு அழுக்கா, தீட்டா என்பது மதங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி.

மடி பார்க்கும் வீடுகளில் பெரியவர் யாராவது தொட்டாலே மறுபடி குளிக்க வேண்டும். அதே வீட்டில் மடியில் தவழும் பேரன் புடவையை நனைத்துவிட்டால் பாட்டி சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் துடைத்துக்கொள்வார். விதி தளர்கிற இடம் குழந்தை. இஸ்லாமியச் சட்டம் இந்தத் தளர்வை எழுதியே வைத்திருக்கிறது. உம்மு கைஸ் என்ற பெண்மணி, இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தன் மகனை நபிகளிடம் கொண்டுவந்தார். பிள்ளை அவர் உடையில் சிறுநீர் கழித்துவிட்டது. நபிகள் தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்தார், கசக்கித் துவைக்கவில்லை. புகாரியின் நபிமொழித் தொகுப்பில் உள்ள செய்தி இது. இதை வைத்து ஷாஃபி சட்ட மரபு ஒரு விதி வகுத்தது: இரண்டு வயதுக்கு உட்பட்ட, பால் மட்டுமே குடிக்கிற ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்தால் போதும். பெண் குழந்தையென்றால் கழுவ வேண்டும். ஹனஃபி மரபோ இரண்டையும் கழுவச் சொல்கிறது. காயல்பட்டினம் போன்ற ஷாஃபி ஊர்களில் மருமகளாகப் போகும் ஹனஃபிப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு தொழுகைப் பாயிலேயே தெரிந்துவிடும். மலத்துக்கு எந்த மரபிலும் சலுகை கிடையாது.

யூதச் சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. ஒரு ஆலிவ் காயளவு தானிய உணவை உண்ணத் தக்க வயது வந்த பிள்ளையின் கழிவு கிடக்கும் இடத்திலிருந்து விலகி நின்றே ஜெபிக்க வேண்டும். அதற்கு முன் வேண்டியதில்லை.

வியப்பு என்னவென்றால், சலவைக் கல்லும் இதே கோட்டைத்தான் போடுகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரைந்துவிடும்; அலசினாலே போகும். ஆறு மாதத்தில் சோறு ஊட்டத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. அன்றிலிருந்து கட்டியானதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, ஒட்டியதைக் குழாய் வீச்சில் தள்ளிவிட்டுத்தான் துணியை வாளிக்குக் கொண்டுபோக முடியும். வேதம் படித்தவர்களும் துணி துவைத்தவர்களும் ஒரே முடிவுக்கு வந்த அபூர்வமான சமயங்களில் இது ஒன்று. யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், துவைத்தவர்கள் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது.

ஆனால் சாஸ்திரத்தின் தளர்வை மருத்துவத்தின் தளர்வாக எடுத்துக்கொள்வது ஆபத்து. ‘குழந்தை மலத்தில் என்ன இருக்கிறது, சுத்தமானது’ என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிருமிகள் பெரியவர் மலத்தில் இருப்பதுபோலவே பிள்ளையின் மலத்திலும் இருக்கும். தேசியக் குடும்பநல ஆய்வு, குழந்தையின் மலத்தை எங்கே போடுகிறீர்கள் என்று தாய்மார்களிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பது அதனால்தான். துணியை மாற்றிய கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குப் போவது எந்த மதத்தின் விதிக்குப் பொருந்தினாலும் குழந்தையின் குடலுக்குப் பொருந்தாது.

தத்துவம் இருக்கட்டும், துணி நாறுகிறது என்பவர்களுக்கு என்ன பதில்? நாற்றத்துக்குக் காரணம் அம்மோனியா. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைக்கும்போது அது வெளிவருகிறது. இரவு முழுக்கக் கட்டியிருந்த துணியில் காலையில் கண் எரிகிற வாடை அடிப்பது அதனால்தான். எழுந்ததும் அந்தத் துணியைப் பச்சைத் தண்ணீரில் ஓரலசு அலசி வைத்தால் பாதி வாடை அப்போதே போய்விடும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கத்தை விட வேண்டும். ஊறிய தண்ணீர் கிருமிக்குத் தொட்டில். போதாததற்கு, தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி உயிருக்கே ஆபத்து. காற்றோட்டமான கூடையில் போட்டு, இரண்டு நாளுக்கு மேல் போகாமல் துவைத்துவிடுவது நல்லது.

சென்னைப் புறநகர்களில் இன்னொரு தொல்லை, போர் தண்ணி. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகி நூலிலேயே படியும். துணி அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகும், உறிஞ்சாது, குழந்தையின் தொடை சிவக்கும். அதைப் பார்த்துப் பதறி, துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தை ஊற்றுகிறவர்கள் உண்டு. அது இன்னும் மோசம். அந்தத் திரவம் நூலின் மேல் மெழுகுபோலப் பூசிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே போகாது. நல்ல தண்ணீர் கொஞ்சமே கிடைக்கிற வீட்டில் அதைக் கடைசி அலசலுக்கு ஒதுக்கிவைப்பதே வழி. துத்தநாகம் கலந்த களிம்பும் இப்படித்தான் துணியில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தடுக்கும். களிம்பு தடவும் நாளில் நடுவே ஒரு மெல்லிய பழந்துணியைப் போட்டுவிடலாம்.

பட்டன் வைத்த புதுவகைத் துணி டயாப்பரின் மேலுறை வெறும் பருத்தியல்ல. பாலியஸ்டர் துணியின் முதுகில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. பாட்டி கைப்பழக்கத்தில் அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் படலம் உரிந்துவிடும். பருத்தி மடிப்பு கொதிநீரையும் உச்சிவெயிலையும் தாங்கும். மஞ்சள் கறையைப் போக்க வெயிலைவிட நல்ல மருந்தும் இல்லை. மேலுறையையும் ரப்பர் பட்டையையும் நிழலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டுமே காயாது. இருபது, இருபத்தைந்து மடிப்பாவது கையிருப்பில் இல்லாத வீடு அந்த மாதங்களில் திண்டாடும். அப்படிப்பட்ட நாளில் கடை டயாப்பரைக் கட்டினால் குடி முழுகிவிடாது. துணியை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டு, ஒரு நாள் தவறியதற்கே குற்ற உணர்வில் வேகிற இளந்தாய்கள் இருக்கிறார்கள். கேள்வி அங்கே இல்லை.

கேள்வி எங்கே இருக்கிறது என்பதை 1522இல் மார்ட்டின் லூத்தர் தொட்டார். திருமண வாழ்வைப் பற்றி அவர் அந்த ஆண்டு எழுதிய சிறு நூலில் ஒரு காட்சி வருகிறது. ஒரு தகப்பன் பிள்ளையின் அழுக்குத் துணியை அலசுகிறான். ஊரார் அவனைப் பெண்பிள்ளை என்று கேலி செய்கிறார்கள். லூத்தர் கேட்கிறார், இதில் உண்மையில் யார் யாரைக் கேலி செய்கிறார்கள்? கடவுளும் தேவதூதர்களும் எல்லாப் படைப்புகளும் மகிழ்ந்து புன்னகைக்கிறார்கள் என்கிறார் அவர். துணி அலசுவதற்காக அல்ல, அந்த வேலையை விசுவாசத்தோடு செய்வதற்காக. இதை எழுதியபோது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1525இல்தான் கத்தரினாவை மணந்தார். பிறகு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். எழுதியதை எத்தனை முறை செய்துபார்த்தார் என்பது கத்தரினாவுக்கே வெளிச்சம். துறவறமே உயர்ந்தது, இல்லறம் இரண்டாம் தரம் என்று சபை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மடத்து மணிக்கும் துணி வாளிக்கும் ஒரே மதிப்பைக் கொடுத்தது சிறிய காரியமல்ல.

நானூறு ஆண்டுகள் கழித்து இதே உவமை இந்தியாவில் வேறு வேலைக்குப் பயன்பட்டது. தாய் பிள்ளைக்குச் செய்வதைத்தான் துப்புரவுத் தொழிலாளி சமூகத்துக்குச் செய்கிறார் என்று காந்தி 1936இல் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். மேன்மைப்படுத்தவே எழுதினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த மாதிரிப் புகழ்ச்சியை அம்பேத்கர் 1945இல் வந்த தம் நூலில் கிழித்துப் போட்டார். மலம் அள்ளுவதைத் தொண்டு என்று வாழ்த்துவது, அந்தத் தொழிலில் பிறப்பால் கட்டப்பட்டவரை அங்கேயே கட்டிவைக்கும் தந்திரம் என்பது அவர் வாதம். அம்பேத்கர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே உறவு இருக்கிறது, பிள்ளை வளர்ந்தால் வேலை முடிகிறது. ஊரின் மலம் வளர்ந்து முடிவதில்லை.

‘அந்தக் காலத்தில் எல்லாம் துணிதான்’ என்று பெருமூச்சு விடுகிறவர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் பிரசவத் தீட்டுத் துணிகளைப் பல வீடுகளில் வீட்டார் தொடவில்லை. வண்ணார் வந்து எடுத்துப்போனார். தலித் குடியிருப்புகளின் துணியை வெளுக்க, அவர்களுக்கும் கீழே புதிரை வண்ணார் என்று ஒரு சாதியை வைத்திருந்தார்கள். 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலின் ஆரோக்கியம் அப்படிப்பட்ட பெண். பிரசவம் பார்ப்பதும் அவள்தான், தீட்டுத் துணியைச் சுமப்பதும் அவள்தான். அந்த வேலைக்குக் கூலி, வீடு வீடாக இரந்து வாங்கும் சோறு. பாட்டி காலத்துத் துணி சூழலுக்கு உகந்தது என்கிறபோது இந்த மூட்டையையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கடை டயாப்பர் இந்தச் சங்கிலியை அறுத்ததா? 1961இல் அமெரிக்காவில் பாம்பர்ஸ் விற்பனைக்கு வந்தபோது அது வீட்டுப் பெண்ணின் முதுகைக் காப்பாற்றியது உண்மை. எண்பதுகளில் நீரைக் கூழாக்கி அடக்கிவைக்கும் பாலிமர் தூள் உள்ளே வந்ததும் இரவுத் தூக்கமும் கிடைத்தது. ஆனால் மலம் எங்கும் மறைந்துவிடவில்லை. சுருட்டி ஒட்டிய பொட்டலமாகக் குப்பைக் கூடைக்குப் போகிறது. கூடையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து தரம் பிரிக்கும் இடத்துக்கு. அங்கே அதைப் பிரித்தெடுப்பது யாருடைய கை என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்கிறது. டயாப்பருக்குள் இருப்பதும் மலம்தான்.

சூழல் கணக்கு மட்டும் பார்த்தால் துணிக்குப் பெரிய வெற்றி ஒன்றும் கிடைப்பதில்லை. பிரிட்டன் அரசு 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழந்தையின் இரண்டரை ஆண்டுக்குக் கடை டயாப்பர் சுமார் 550 கிலோ கார்பனும் துணி சுமார் 570 கிலோவும் வெளியிட்டன, கிட்டத்தட்டச் சமம். 2023இல் புதுப்பித்த ஆய்வில் துணி சுமார் கால்பங்கு குறைவாக வந்தது. அந்த ஊரில் முடிவைத் தீர்மானிப்பது வெந்நீர்ச் சலவையும் மின் உலர்த்தியும்தான். கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் துணி தெளிவாக முந்துகிறது. கொடியும் வெயிலும் அக்கா பிள்ளையின் துணியைத் தம்பி பிள்ளைக்குத் தரும் வழக்கமும் நமக்கு ஏற்கெனவே உண்டு. இங்கே குறைவது வேறொன்று, அலசுகிற கைகளில் ஆணின் கை. பகலெல்லாம் பால் கொடுத்துவிட்டு இரவில் பத்துத் துணி அலசும் பெண்ணிடம் இயற்கை வாழ்வைப் பற்றிப் பேசும் கணவன், லூத்தரின் தகப்பனை ஒரு முறை சந்திக்க வேண்டும்.

துணியோ கடைச் சரக்கோ, வீட்டு நிலைக்கு ஏற்றதைக் கட்டுங்கள். கடை டயாப்பராக இருந்தாலும் மலத்தை முதலில் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், டயாப்பரோடு அதைச் சுற்றி எறிவதற்கான உறையையும் தர வேண்டும் என்று தயாரிப்பாளருக்குக் கட்டளையிட்டன. நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்று வீட்டாருக்கும் சொல்லின. உறை கிடைக்காவிட்டால் பழைய செய்தித்தாள் போதும். மேலே சிவப்பு மையில் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். வண்டியோடு வருகிறவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிராது.