காற்று தந்த நீலம்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். இலைச்சாறு பட்டுக் கறுத்த தோல், எத்தனை சோப்புப் போட்டாலும் லேசில் வெளுக்காது. சட்டைக் கையில் ஏறிய கறையும் அப்படித்தான். யாரும் கேட்காத அந்தப் பழுப்பு துணியோடு கிடக்கிறது. பாடுபட்டு ஏற்றிய அவுரி நீலமோ துவைக்கத் துவைக்க இறங்குகிறது. இது என்ன நியாயம்?

தேயிலையின் துவர்ப்பு பருத்தி இழையை இறுகப் பற்றிக்கொள்ளும். கடுக்காயிலும் அந்தத் துவர்ப்பு உண்டு. நம் சாயக்காரர்கள் துணியை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்தது அதனால்தான். அவுரிக்கு இந்தப் பற்று கிடையாது. நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. திண்டிவனம் பக்கத்து அவுரிக்கட்டியைச் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்துத் தொட்டியில் புளிக்கவைத்தால், நீலம் மாறி மஞ்சள் பச்சையாகக் கரையும். அப்போதுதான் நூலுக்குள் புகும். துணியை வெளியே தூக்கியதும் காற்றுப் பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சை நீலமாகும். மறுபடியும் கரையாத துகளாகி இழைக்குள் சிக்கிக்கொள்ளும். சிக்கியதே தவிர ஒட்டவில்லை. தோட்டத்து லயத்து வீடுபோல, குடியிருப்பு தலைமுறைக்கும் உண்டு, பட்டா மட்டும் இல்லை.

அதனால்தான் உரசினால் உதிர்கிறது. கூடைக் கயிறு படும் தோள் முதலில் வெளுக்கும். தையல் மடிப்புக்குள் நீலம் அப்படியே இருக்கும். வெயில் செய்வது வேறு வேலை. ஒளியும் காற்றும் சேர்ந்து நீல மூலக்கூறையே உடைத்து, ஐசாட்டின் என்ற மஞ்சள் சாயல் பொருளாக்கிவிடும். கேமரன் மலையின் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிருக்கு வலு அதிகம். பனிமூட்டம் விலகும் நேரம் போதும், கொடியில் கிடக்கும் துணிக்கு.

இயற்கைச் சாயம் என்பதால்தான் இந்தக் குறை என்பார்கள். இல்லை. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை நீலமும் அதே மூலக்கூறுதான். ஜீன்ஸ் வெளுப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குக் கூடுதல் விலையும் கொடுக்கிறோம்.

என்னை யோசிக்க வைப்பது காற்று. அதே மலையில் 1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தில், நசுக்கிய பச்சை இலை செம்பு நிறமாவதும் காற்றுப் பட்டுத்தான். தேயிலையை உரிய நேரத்தில் சூட்டில் உலர்த்தி நிறுத்திவிடுகிறார்கள். நீலத்துக்கு அப்படி நிறுத்துமிடம் இல்லை. எந்தக் காற்று நிறம் கொடுத்ததோ அதுவே, வெயிலைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறது. பெட்டியில் பூட்டிவைத்தால் நீலம் நிற்கும். உடுத்தாத துணியின் நீலத்தால் யாருக்கு என்ன லாபம்? பிறப்பித்ததை விட்டு விலகி வாழ எதற்கும் வழியில்லை. அதனோடு வாழ்ந்தால் தேயாமலும் இருக்க முடியாது.

அவுரித் துணி வாங்கினால் எத்தனை முறை முக்கியது என்று கேளுங்கள். கெட்டிச் சாயத்தில் ஒரே முறை முக்கியது சீக்கிரம் உதிரும். நீர்த்த சாயத்தில் பலமுறை முக்கி, ஒவ்வொரு முறையும் காற்றாட விட்டது நெடுநாள் வரும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். முதல் துவைப்பில் தண்ணீர் நீலமானால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வெளுக்கவே வெளுக்காத அவுரி நீலம் என்று யாராவது விற்றால் மட்டும் வாங்காதீர்கள்.