பயந்த பிள்ளைக்கு மடியே தாங்கல்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் கரையேறி வந்ததைக் குமரி மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் போன உயிர்களைப் பற்றிப் பேசினோம். மிஞ்சிய பச்சைப் பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. "சின்னப் பிள்ளைதானே, மறந்துவிடும்" என்றே பலரும் சொன்னார்கள்.

அந்த அலையில் தாயை இழந்த நான்கு வயதுப் பையன் ஒருவன், கடலுக்குத் தள்ளியிருந்த பாட்டி வீட்டுக்கு வந்தான். பேச்சு நின்றுபோயிருந்தது. இரவில் பாயை நனைத்தான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே பாட்டியின் சேலைக்குள் புகுந்துகொள்வான். வாசலையே பார்த்திருந்தவனிடம் பக்கத்து வீட்டார் அன்போடுதான் சொன்னார்கள்: "அம்மையை அய்யா கூட்டிட்டுப் போயிட்டாரு மக்களே." அன்றுமுதல் தாங்கலுக்குள் வரமாட்டேன் என்று அலறினான். பள்ளியறைக் கண்ணாடியைக் கண்டாலே நடுக்கம். அம்மையைக் கூட்டிப் போனவர் அங்கே அல்லவா இருக்கிறார்? அடுத்துப் பாட்டியையும் கூட்டிப் போய்விட்டால்?

சிலர் மந்திரவாதியிடம் கயிறு கட்டச் சொன்னார்கள். பில்லி, சூனியம், பேய் என்ற பயத்தை அய்யா அறுத்துப் போட்ட பிறகும் வேப்பிலை அடிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போகும் வழக்கம் நம் வீடுகளை விட்டு முழுதாகப் போகவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பயந்த பிள்ளையை மேலும் பயமுறுத்தினால் பயம் எப்படி இறங்கும்?

பாட்டி அங்கே போகவில்லை. மடியில் வைத்து உள்ளதைச் சொன்னாள்: "அம்மை தண்ணியில செத்துப்போச்சு மக்களே. அய்யா பறிச்சிட்டுப் போகல்ல. நீ ஒரு தப்பும் செய்யல்ல. பாட்டி இங்கதான் இருப்பேன்." ஒருமுறை அல்ல, அவன் வாசலைப் பார்த்தபோதெல்லாம் அதே வார்த்தை. அதே நேரத்தில் கஞ்சி, அதே நேரத்தில் குளிப்பு, இரவில் அதே பாயில் அவன் முதுகில் அவள் கை. வெளியே போனால் சொல்லிவிட்டுப் போவாள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவாள்.

மாலைப் பணிவிடை நேரத்தில் இருவரும் தாங்கல் முற்றத்து மணலில் இருப்பார்கள். அவன் மணல்வீடு கட்டுவான், கையால் வாரி அழிப்பான், மறுபடி கட்டுவான், மறுபடி அழிப்பான். "இது என்ன விளையாட்டு?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். பாட்டி அவரைத் தடுத்துவிட்டாள்.

கைக்குழந்தைக்கு இப்படி விளையாடிக் காட்டவும் தெரியாது. பால் மறுக்கும், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும், தூக்கினால் விறைக்கும். தாயின் அணைப்பில்தான் அது ஆறும். அந்தத் தாயே நடுங்கிக்கொண்டிருந்தால்? முதலில் அவளுக்குச் சோறும் தூக்கமும் வேண்டும். அன்னதர்மம் செய்யும் நாம் அந்த வீட்டுக்கு ஒரு பாத்திரம் சோறு கொண்டுபோய், அவள் பக்கத்திலேயே பிள்ளையை வைத்துக்கொண்டு அவளைக் கொஞ்சம் தூங்கவிட்டால் அதுவும் பணிவிடைதான். வாரங்கள் கடந்தும் பிள்ளை தேறவில்லையென்றால் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நெற்றியில் நாமமும் இருக்கட்டும், மருத்துவரும் பார்க்கட்டும்.

பையனுக்கு மாதங்கள் பிடித்தன. ஒருநாள் மணலில் உயரமாக ஒரு மேடு கட்டி, அதன்மேல் இரண்டு குச்சிகளை நட்டான். "இது யாரு மக்களே?" என்றாள் பாட்டி.

"நீயும் நானும்."

அன்று இனிமம் கொடுக்கும்போது வாசற்படிவரை தானே நடந்து வந்து கை நீட்டினான். உள்ளே வர இன்னும் சில வாரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

அய்யா உண்டு!