அன்றைய நிலவரம்

சோமனூர் டீக்கடைகளில் கிரிக்கெட் சத்தம் உச்சத்துக்குப் போவது ஆட்டம் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அல்ல. அப்போது டிவி பேசும், ஆட்கள் பார்ப்பார்கள். நவம்பரில் அணிகள் யாரை வைத்துக்கொள்கின்றன, யாரை விடுகின்றன என்ற பட்டியல் வரும்போதுதான் ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். தறி ஓட்டுகிறவர், பாவு ஓட்டுகிறவர், நூல் வண்டி டிரைவர், கல்லூரிக்குப் போகும் பையன் என எல்லோரும் அந்த ஒரு மாதத்துக்குச் சென்னை சூப்பர் கிங்ஸின் மேனேஜர்கள்.

2025 நவம்பர் 15 அன்று வந்த செய்தி சாதாரணமானதல்ல. "ஏனுங்க, ஜடேஜாவ வித்துப்போட்டாங்களாமா?" என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. விற்கவில்லை, மாற்றிக்கொண்டார்கள். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது சென்னை. 2012 முதல், அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 போக, எல்லா ஆண்டும் மஞ்சள் சட்டை போட்டவர் ஜடேஜா. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்து ஐந்தாவது கோப்பையை வாங்கித் தந்தவர். அப்படிப்பட்ட ஆளை அனுப்பலாமா என்பதுதான் சண்டை.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2026 பருவத்துக்கு அது 125 கோடி. ஆட்கள் அதிகபட்சம் 25 பேர். அதில் வெளிநாட்டவர் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, களத்தில் இறங்கும் பதினொருவரில் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஆகவே ஒருவரை வைத்துக்கொள்வது என்றால், அவருக்கான பணத்தில் வாங்கியிருக்கக்கூடிய வேறு ஒருவரை விட்டுவிடுவது என்றும் பொருள். சென்னையின் கணக்கில் ஜடேஜா 18 கோடி, கரன் 2.4 கோடி, இருவரும் சேர்ந்து 20.4 கோடி. உள்ளே வந்த சாம்சன் 18 கோடி. பணத்தில் மிச்சம் 2.4 கோடி. இடத்தில் மிச்சம் ஒன்று, அதுவும் வெளிநாட்டு இடம். ஜடேஜாவோ ராஜஸ்தானுக்கு 14 கோடிக்குத்தான் போனார்.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜடேஜாவுக்கு அடுத்த மூன்று வாரத்தில் 37 முடிய இருந்தது. சாம்சனுக்கு அந்த வாரம்தான் 31. சாம்சன் விக்கெட் கீப்பர், ராஜஸ்தானுக்குக் கேப்டனாகவும் இருந்தவர். சென்னையில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்றவருக்கு அப்போது 44 வயது. அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "தல போன பிறகு பார்த்துக்கலாம்" என்று எத்தனை வருடம் தள்ளிப்போட முடியும்? இந்தக் கேள்விக்கு டீக்கடையில் ஒருவரும் நேராகப் பதில் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இந்த மாதிரி மாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. அதை வைத்துத்தான், "அவரே போறேன்னு சொல்லியிருப்பாரு" என்று ஒரு கட்சி வாதாடியது. வேடிக்கை என்னவென்றால், 2008இல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில்தான் ஜடேஜா ஐபிஎல் வாழ்க்கையைத் தொடங்கினார். 2010இல் வேறு ஓர் அணியுடன் தானே நேரடியாகப் பேரம் பேசினார் என்று அவருக்கு ஒரு பருவம் முழுக்கத் தடை விதித்தார்கள். அணிகள் ஆளை மாற்றிக்கொள்ளலாம், ஆள் தனக்கு விலை கேட்கக் கூடாது. இந்த அமைப்பில் யார் கை மேலே, யார் கை கீழே என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சண்டை போடுவது நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் பருவம் முடிந்து குளிர்காலம் வந்ததும் ரசிகர்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த ஆண்டு அணியைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அந்தப் பேச்சுக்கே 'ஹாட் ஸ்டவ் லீக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாஸ்டன் அணி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்ற செய்தி 1920 ஜனவரியில் வெளியானது. பாஸ்டன் அடுத்த கோப்பையை வென்றது 2004இல். நடுவில் பிறந்து இறந்த ரசிகர்கள் எல்லோரும் அந்த விற்பனையைத் திட்டியே தீர்த்திருப்பார்கள். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. மேல்மட்ட லீக்கில் ஆறு ஆண்டு பணி முடித்த வீரர், ஒப்பந்தம் தீர்ந்ததும் தனக்குப் பிடித்த அணியோடு தானே பேசிக்கொள்ளலாம். நம்மூரில் ஏலம்தான். மேசையில் சுத்தியல் விழும்வரை ஊர் எது, சம்பளம் எது என்று வீரருக்குத் தெரியாது.

ஏலத்தைப் புரிந்துகொள்ளச் சோமனூர்க்காரருக்கு வேறு பாடம் தேவையில்லை. இங்கே பெரும்பாலான தறிக்காரர்கள் கூலிக்கு நெசவு செய்கிறவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார், இவர்கள் துணியாக்கித் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார்கள். நூல் விலையை இவர்கள் தீர்மானிப்பதில்லை. அதே கவுண்ட், அதே மில், போன மாதம் ஒரு விலை, இந்த மாதம் ஒரு விலை. நூலின் தரம் மாறவில்லை, மாறியது சந்தையின் தேவை. வீரரின் ஏல விலையும் அன்றைய நிலவரம்தான். அவருடைய திறமைக்குப் போட்ட மார்க் அல்ல அது. எந்த அணியின் பையில் எவ்வளவு மீதி, எந்த இடம் காலி, அவருக்கு முன்னால் யார் பெயர் வந்தது, இத்தனையும் சேர்ந்து வருவது.

2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த மினி ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் லியாம் லிவிங்ஸ்டன் பெயர் முதலில் வந்தபோது அடிப்படை விலையான 2 கோடிக்குக்கூட யாரும் கை தூக்கவில்லை. அதே நாள் இரண்டாவது சுற்றில் ஹைதராபாத் அவரை 13 கோடிக்கு எடுத்தது. நடுவில் அவர் ஒரு பந்துகூட ஆடவில்லை. வெங்கடேஷ் ஐயர் முந்தைய ஏலத்தில் 23.75 கோடி, இந்த ஏலத்தில் 7 கோடி. மேலே சொன்ன சாம் கரன் 2022 டிசம்பரில் பஞ்சாபுக்கு 18.5 கோடி, அன்றைக்கு அதுதான் ஐபிஎல் வரலாற்றிலேயே அதிகம். இரண்டு ஆண்டு கழித்து சென்னை அவரை 2.4 கோடிக்கு வாங்கியது. சென்னை 13 கோடிக்கு வைத்திருந்து விடுவித்த பந்துவீச்சாளர் பதிரனாவை கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்துக்கொண்டது. அதே கொல்கத்தாவுக்குத்தான் கேமரூன் கிரீன் 25.2 கோடிக்குப் போனார். ஆனால் மினி ஏலத்தில் வெளிநாட்டு வீரர் கைக்கு 18 கோடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருப்பதால், மீதிப் பணம் கிரிக்கெட் வாரியத்தின் வீரர் நல நிதிக்குப் போகும்.

ஆகவே "பதிரனாவை விட்டுட்டாங்க, எவ்வளவு நஷ்டம் பாருங்க" என்று பிறகு வந்த விலையை வைத்து வாதாடுவதில் அர்த்தமில்லை. அவர் பந்து வீச்சு எப்படி இருந்தது, தோள் எப்படி இருக்கிறது, அந்த 13 கோடிக்கு வேறு என்ன வந்தது என்று கேட்பதுதான் கேள்வி. விலை அதிகம் என்பதால் பலன் வந்துவிடுவதும் இல்லை. 2022இல் தீபக் சாஹரை சென்னை 14 கோடிக்கு வாங்கியது. காயத்தால் அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. அடுத்த ஆண்டு 16.25 கோடிக்கு வந்த பென் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே ஆட்டம். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்குத்தான். இதை என்ன கணக்கில் சேர்ப்பது?

சென்னைக்கென்று ஒரு பழைய பழக்கம் உண்டு, அனுபவசாலிகளை நம்புவது. 2018இல் தடை முடிந்து திரும்பியபோது வயதானவர்கள் கூட்டம் என்று கேலி பேசினார்கள். 36 வயது ஷேன் வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 அடித்து வாயை அடைத்தார். அந்த வெற்றி அணியைக் கெடுத்தது என்பது என் எண்ணம். அடுத்த ஏழு ஆண்டும் அதையே காரணம் காட்டினார்கள். 2025இல் பலன் தெரிந்தது. சேப்பாக்கத்தில் பெங்களூரு 17 ஆண்டுக்குப் பிறகு ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக அதே மைதானத்தில் 20 ஓவரில் 103 ரன். கடைசியில் 14 ஆட்டத்தில் 4 வெற்றியோடு, முதன்முறையாகப் பட்டியலின் அடியில் சென்னை.

அந்த வசந்தத்தில் சோமனூரில் பேச நேரம் நிறைய இருந்தது. கூலி உயர்வு கேட்டு 2025 மார்ச் 19 முதல் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் வேலைநிறுத்தத்தில் இருந்தன, மூன்று நாள் கழித்து ஐபிஎல் தொடங்கியது. தறிச் சத்தம் நின்ற ஊரில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்கு நன்றாகவே கேட்கும். தோல்வி மேல் தோல்வி வந்த அந்த வாரங்களில்தான், பழைய ஆட்களை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்சி இங்கே பலம் பெற்றது. அணியும் நடுவிலேயே விழித்துக்கொண்டது. காயமடைந்தவர்களுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரேவையும், ஏலத்தில் யாரும் எடுக்காத டெவால்ட் பிரெவிஸையும் கொண்டுவந்தார்கள். இருவரும் அடித்த அடியைப் பார்த்த பிறகு பழைய வாதம் எடுபடவில்லை.

டிசம்பர் ஏலத்துக்குச் சென்னை 43.4 கோடியோடு போனது, நிரப்ப வேண்டிய இடம் ஒன்பது. அதில் 28.4 கோடியை இரண்டு பேர் மீது கொட்டியது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், ராஜஸ்தானின் கார்த்திக் சர்மா, ஆளுக்கு 14.2 கோடி. இந்தியாவுக்கு ஆடாதவர்கள், அடிப்படை விலை 30 லட்சம், ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. பிரசாந்த் இடக்கைச் சுழற்பந்து வீசி பேட்டும் பிடிப்பவர், அதாவது ஜடேஜா விட்டுப்போன அதே இடம். கார்த்திக் விக்கெட் கீப்பர். இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தவர்கள் பாதிப் பேர். நான் மறுபாதியில் இருக்கிறேன். கையில் பணம் இருந்தது, எதிரே மற்ற அணிகளும் கேட்டன, ஆள் வேண்டும் என்றால் அன்றைய விலையைத்தான் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டு ஆடக்கூடிய பையனுக்கு அதிகம் கொடுப்பது, இரண்டு ஆண்டு ஆடக்கூடியவருக்குக் கொஞ்சம் கொடுப்பதைவிட எனக்குச் சரியாகப் படுகிறது.

கணக்கு எல்லாம் சரி, மனசு ஒன்று இருக்கிறதே என்பார்கள். 2022 பிப்ரவரி ஏலத்தில், பல ஆண்டு மஞ்சள் சட்டை போட்ட சுரேஷ் ரெய்னாவின் பெயர் வந்தபோது சென்னை கை தூக்கவில்லை. வேறு ஒன்பது அணிகளும் தூக்கவில்லை. கோபம் என்னவோ சென்னை மீதுதான். அந்தக் கோபத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரு ரசிகன் அணியோடு ஒப்பந்தம் போடுவதில்லை, அவனை யாரும் விடுவிக்கவும் முடியாது. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும்போது அவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்? ஒரு முகத்தைத்தான். தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொள்ள, சர்வதேச ஆட்டம் ஆடி ஐந்து ஆண்டு ஆனவரை இந்தியாவுக்கு ஆடாதவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற பழைய விதி திரும்ப வந்தபோது சிரிக்காதவர்கள் இல்லை, வேண்டாம் என்றவர்களும் இல்லை.

எனக்கு உறுத்தும் இடம் வேறு. பத்ரிநாத், முரளி விஜய், பாலாஜி, அஸ்வின் என்று ஒரு காலத்தில் சென்னையில் நம்மவர்கள் வரிசையாக நின்றார்கள். இன்றைக்கு சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை டெல்லி 10.75 கோடிக்கு வாங்கியது, வருண் சக்கரவர்த்தியை கொல்கத்தா 12 கோடிக்கு வைத்திருக்கிறது. சாய் சுதர்சனும் ஷாருக் கானும் குஜராத்தில். ஜடேஜா கோப்பை வென்று கொடுத்த அதே 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்தவர் சுதர்சன், சென்னைப் பையன். 2025இல் 759 ரன்னோடு ஐபிஎல்லிலேயே அதிகம் அடித்தவரும் அவரே. 2022இல் குஜராத் அவரை எடுத்த விலை 20 லட்சம். ஜடேஜாவை அனுப்பியதற்குக் கோபப்படுகிறவர்கள் அந்த 20 லட்சத்துக்குக் கோபப்பட்டிருந்தால் நியாயம்.

சுதர்சனின் விலையைச் சரியாகக் கணித்தது கோயம்புத்தூர்தான். தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டிஎன்பிஎல்லில் முதன்முதலாக ஏலம் நடந்தது 2023 பிப்ரவரியில். அதில் லைகா கோவை கிங்ஸ் சுதர்சனுக்கு 21.6 லட்சம் கொடுத்தது. ஐபிஎல்லில் வாங்கியதைவிட மாநில லீக்கில் ஒரு வீரருக்கு அதிகம்! அந்த ஆண்டு கோவை கோப்பையும் வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு மழையால் சேப்பாக் சூப்பர் கில்லிஸோடு பகிர்ந்துகொண்டது, 2024இல் இறுதியில் திண்டுக்கல்லிடம் தோற்றது.

டிஎன்பிஎல் பேச்சு வந்தால் சோமனூரில் சண்டையின் வடிவமே மாறிவிடும். கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர் இது. நிர்வாகத்தில் கோவை மாவட்டம், பிழைப்பில் இரண்டு பக்கமும். காரைக்குடி காளை என்ற பெயரில் இருந்த அணி ஊர் மாறித் திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. வீரர்கள் மட்டுமல்ல, அணியே இடம் மாறும் என்பதற்கு அது சாட்சி. சாய் கிஷோர் தலைமையில் அந்த அணி 2025 ஜூலையில் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்து முதல் கோப்பையை எடுத்தது. அதுவரை கோவை கட்சியில் இருந்தவர்களில் சிலர் அன்றைக்கே, "திருப்பூரும் நம்மூருதானுங்க" என்றார்கள். அவர்களை மற்றவர்கள் இன்னும் விடவில்லை. இந்த லீக்கில் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்ற பட்டியல் வரும்போது நடப்பதுதான் உண்மையான அக்கப்போர். தொகை சில லட்சங்கள்தான். ஆனால் இங்கே பேசப்படுகிற பையன்கள் கல்லூரி மைதானத்தில் எல்லோரும் கிட்டே நின்று பார்த்தவர்கள். அபுதாபியில் யார் எவ்வளவுக்குப் போனார் என்று சொல்ல டிவி போதும், இவர்களைப் பற்றிப் பேச நேரில் பார்த்திருக்க வேண்டும்.